அரசாங்க வீட்டுக்கு ஒரு கிடா

கொடுத்த கையை வெறுங்கையாகத் திரும்பிப் போகவிடாத மனிதர்களை உலகம் முழுவதும் தேடி வரிசையாக நிற்கவைத்தால், முதல் ஆளாக எங்கள் பாவடித் தெரு செய்முறையண்ணன் நிற்பார். இரண்டாவது ஆள் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அரசாங்கம் என்று ஒன்று தோன்றிய நாள் முதலாக, அதற்கே தாம்பாளத்தில் சீர் வைத்து, மேளம் அடித்து, கிடாயோடு கொண்டுபோய்க் கொடுத்த ஒரே குடிமகன் அவர்தான். பழைய ஊர் வரலாறுகளைத் தேடிப் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அரசர்களுக்குத் திறை செலுத்தியவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அதெல்லாம் பயத்தில் கொடுத்தது. மரியாதைக்குத் திருப்பிச் செய்தவர் என்று வேறு ஒருவரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

செய்முறை என்றால் என்ன என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு நான் ஒரு பித்தளைக் குடம் கொண்டுவந்தால், என் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் ஒரு குடத்தோடு சொம்பும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்புவது தேனிப் பக்கத்து முறை. குறைத்தால் மனத்தாங்கல். திருப்பவே இல்லையென்றால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மற்றவர்கள் இதைச் சொந்தபந்தத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அண்ணனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் யாருக்கும் அது நினைவில் இல்லை.

அவருக்குத் தொழில் பாவு பிணைப்பது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியில் ஒரு பாவு தீரும்போது, பழைய இழைகளின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலில் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தெருவில் எந்த வீட்டில் பாவு தீர்ந்தாலும் அண்ணன்தான் போவார். போகிற வீட்டில் எல்லாம் அவருக்கு ஒரு டீ உண்டு. அந்த டீக்குப் பதிலும் உண்டு. காலையில் டீ கொடுத்த வீட்டு வாசலில் மாலையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வந்து நிற்கும். பழம் வாங்கிய வீட்டுக்காரி சும்மா இருக்க முடியாமல் குழம்பு கொடுத்தனுப்புவாள். குழம்புப் பாத்திரம் வெறுமனே திரும்பாது. ஒரு பாவு பிணைத்து முடிப்பதற்குள் இரண்டு குடும்பங்களின் அடுப்படியும் இடம் மாறியிருக்கும்.

ஓர் ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை, அடைமழை. அவருக்கு என் குடையைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே என் மனைவி கண்ணைக் காட்டினாள். நான் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை குடை திரும்பி வந்தது. கைப்பிடி புதிது. அது போதாதென்று, தறியில் மிஞ்சிய சிவப்புத் துணியில் சரிகைக் கரை வைத்து அதற்கு ஓர் உறை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவீதியில் நடந்தபோது இரண்டு பேர் என்னை நிறுத்தி, "எங்க சார் பொண்ணழைப்பு?" என்று கேட்டார்கள்.

பால்காரர் கதை இன்னும் மோசம். அண்ணன் வீட்டுக்கு விருந்தாளி வந்த நாளில் அவர் ஒரு கரண்டி பால் கூடுதலாக ஊற்றிவிட்டார். மறுநாள் அவருக்கு முருங்கைக்காய்க் கட்டு. அவரும் மானஸ்தர், மோர் கொண்டுவந்தார். இவர் துண்டு கொடுத்தார். அவர் நெய். இவர் வேட்டி. அடுத்தது கன்றுக்குட்டிதான் என்ற கட்டத்தில் பால்காரர் வேறு தெருவுக்கு மாறிப் போய்விட்டார். தெரு முழுவதும் காப்பியில்லாமல் ஒரு வாரம் தவித்தது.

சொந்த ஊர்க்காரர்களோடு இந்தக் கூத்து நடந்தவரை ஆபத்தில்லை. அரசாங்கம் இலவச மிக்சி கொடுத்தபோதுதான் வினை ஆரம்பித்தது. அண்ணன் பாவு பிணைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் மனைவி ராசாத்தி அக்கா வரிசையில் நின்று வாங்கி வந்துவிட்டார். மாலையில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தார். நான் அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய வீட்டில் இருப்பவன். காதைக் கொடுக்காமலேயே எல்லாம் கேட்கும்.

"இது ஏது?"

"கவர்மெண்டு குடுத்துச்சு."

"கவர்மெண்டு வீட்டுல என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. சும்மா குடுத்துச்சு."

"சும்மா யாராச்சும் குடுப்பானா? நம்ம எப்பத் திருப்பிச் செய்யறது? அதுக்குக் காதுகுத்து உண்டா, கல்யாணம் உண்டா?"

"எனக்கென்ன தெரியும். சட்னி அரைக்கவா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் காலை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு துண்டு எல்லாம் வைத்து, மிக்சி கொடுத்த அலுவலகத்துக்குக் கிளம்பினார். எந்த அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. தட்டைப் பார்த்ததும் அங்கிருந்த அதிகாரி நாற்காலியைவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாராம்.

"பெரியவரே, எடுத்துட்டுப் போங்க. மேல கேமரா இருக்கு."

"இருக்கட்டும்ங்கய்யா. நல்லதுதானே. நான் செஞ்சதுக்கு அது சாட்சி."

லஞ்சம் கொடுக்க வந்தவர்களை விரட்டிய அனுபவம் அந்த அதிகாரிக்கு இருந்திருக்கலாம். கேமராவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கொடுக்க வந்தவரை எப்படி விரட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டார். அண்ணன் மதியம் வரை காத்திருந்துவிட்டுத் தட்டோடு திரும்பினார். அந்த மிக்சி பிரிக்கப்படாமலே பீரோ மேல் ஏறியது. ராசாத்தி அக்கா வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பொட்டு வைத்துவிட்டு, அம்மியில் சட்னி அரைத்தார்.

பெண்களுக்கு டவுன் பஸ்சில் டிக்கெட் இல்லை என்றானபோதும் விடவில்லை. தேவாரத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்க அக்கா போகும்போதெல்லாம், கண்டக்டரிடம் கொடுக்கச் சொல்லி வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தனுப்புவார்.

"அவனா பஸ்ச வச்சிருக்கான்?" என்று அக்கா கேட்பார்.

"வச்சிருக்கறவனப் பாத்தா அவன்கிட்டக் குடு. பாக்கற வரைக்கும் இவன்கிட்டக் குடு."

நடுவில் ஒரு காலம், தேவாரம் பஸ்சு பாவடித் தெரு முனையில் நிறுத்தம் இல்லாமலே நின்று, அக்காவுக்காகக் காத்திருந்து போனது.

இந்த நிலைமையில்தான் எங்கள் தெருவுக்குக் கிளஸ்டர் வந்தது. கைத்தறிக் குழுமம் என்பது அதன் தமிழ்ப் பெயர். ஒரே இடத்தில் அருகருகே தறி வைத்திருப்பவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அவர்களுக்குப் பொதுவாகக் கட்டடம், தறிக்குக் கருவிகள், பயிற்சி என்று அரசாங்கம் உதவுகிற திட்டம். அதற்கென்று நியமிக்கப்பட்ட இளம் அதிகாரி கரூர்ப் பக்கத்துக்காரர். தெரு அவரை முதல் நாளே கிளஸ்டர் மேடம் ஆக்கிவிட்டது. அவர் வந்தது புரட்டாசியில். ஆவணி என்று எங்கள் நெசவாளர் சங்கத் தலைவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது தவறு. மலையில் ஏலக்காய் எடுப்பு மும்முரமாகி, விடிவதற்குள் ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் பறந்துகொண்டிருந்தன. மேடம் முதல் நாள் வந்த காரே ஒரு ஜீப்புக்கு வழிவிட்டுச் சாக்கடை ஓரம் இறங்கிவிட்டது.

அந்த ஜீப்புகள்தான் எங்கள் தெருவின் தலைவலி. பாவுக்குக் கஞ்சி போட வேண்டுமென்றால், விடியற்காலையில் தெரு நீளத்துக்கு நூலை விரித்துக் கட்ட வேண்டும். ஜீப்பு வருவதும் அதே நேரத்தில், அதே வழியில். பாவைக் கழற்றினால் கஞ்சி காயாது. கழற்றாவிட்டால் ஹாரன் நிற்காது. பூப்பாறைப் பக்கத்து மலையாள ஜீப் டிரைவர் ஒருவர் ஒருநாள் பொறுமையாக வண்டியை அணைத்துவிட்டுப் பாவு காய்கிற வரைக்கும் காத்திருந்தார். மறுநாள் அண்ணன் அவரைத் தட்டோடு வழிமறித்தார். "இதெந்தா சேட்டா, ஆருடெ கல்யாணம்?" என்று அவர் மிரண்டுபோய்க் கேட்டதும், அதற்குப் பிறகு அவர் பாவடித் தெரு வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போக ஆரம்பித்ததும் தனிக்கதை. மழை பெய்தால் பாவு போடவே முடியாது. கூரை போட்ட நீளமான பொதுக் கூடம் ஒன்று வந்தால் இந்தத் தொல்லை எல்லாம் தீரும். அதோடு, தறிக்குத் தறி ஒரு மோட்டார் தருகிறார்கள். சேலைக் கரையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே ஒரு பெட்டி உண்டு. ஒவ்வொரு இழை போடும்போதும் அதைக் காலால் மிதித்துத் தூக்க வேண்டும். மோட்டார் வைத்தால் அது தூக்கிக்கொள்ளும். மிதி பஞ்சு போல இறங்கும்.

ராசாத்தி அக்காவுக்கு அந்த மோட்டார் வேண்டியிருந்தது. அண்ணன் தெருவெல்லாம் பாவு பிணைத்துக்கொண்டிருக்க, வீட்டுத் தறியை மிதித்தவர் அவர்தான். வலது முட்டி வீங்கித் தேங்காய் அளவுக்கு வந்திருந்தது. மதியத்துக்கு மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். இனிமேல் மிதித்தால் நடமாட்டமே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மேடம் திட்டத்தைச் சொல்லி முடித்தார். இத்தனை தறி இருந்தால்தான் குழுமம் என்று விதி. எண்ணிப் பார்த்ததில் எங்கள் தெரு விதியின் விளிம்பில் நின்றது. ஒரு தறி விலகினாலும் கூடமும் இல்லை, மோட்டாரும் இல்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் மட்டும் எழுந்து நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம். இந்த மோட்டாரு யாரு குடுக்கறது?"

"மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து கொடுக்கறாங்க ஐயா."

"ரெண்டு பேரு. அப்ப ரெண்டு செய்முறை."

மண்டபம் முனகியது. சங்கத் தலைவர் முன்கோபக்காரர். "யோவ், கவர்மெண்டு என்ன உன் மச்சான் வீடாய்யா?" என்று கத்தினார்.

"மச்சான் வீடா இருந்தா ஒரு வேட்டியோட முடிஞ்சுரும் தலைவரே. இது பெரிய எடம்ல."

மேடம் படித்தவர், பொறுமையாக விளக்கப் பார்த்தார். "ஐயா, நீங்க கடையில சோப்பு வாங்கினாக்கூட வரி கட்டறீங்கல்லங்க. அந்தப் பணம்தான் உங்களுக்குத் திரும்பி வருது. இது யாரும் சும்மா கொடுக்கறது இல்லைங்க."

அண்ணன் முகம் மாறிவிட்டது. "நான் குடுத்ததை எனக்கே திருப்பி விடுறாகளா? அப்படிச் செஞ்சா ஒறவு வேணாம், அத்துக்கிட்டுப் போன்னுல்ல அர்த்தம். நான் கவர்மெண்டுக்கு என்ன குத்தம் பண்ணேன்?"

மேடம் தண்ணீர் கேட்டார்.

பின்னால் பெண்கள் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ராசாத்தி அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "என் முட்டி குடுங்க குடுங்கன்னு கேக்குது மேடம். இவரு மூளை திருப்பி என்னத்தச் செய்யன்னு கேக்குது. முட்டிக்கு வாயில்ல. மூளைக்குத்தான் இருக்கு."

பெயர்களை அனுப்ப அந்த மாதக் கடைசி வரைக்கும்தான் நேரம். தெரு முழுவதும் அண்ணனைத் தனித்தனியாக முயன்று பார்த்தது. தலைவர் திட்டினார். தலைவர் மனைவி அழுதார். நான் வரலாற்றிலிருந்து உதாரணங்கள் சொன்னேன். அரசன் குளம் வெட்டினான், மக்கள் தண்ணீர் எடுத்தார்கள், யாரும் திருப்பிக் குளம் வெட்டவில்லை என்றேன். "அதான் அந்த ராசாவெல்லாம் இப்ப இல்லாமப் போயிட்டாக" என்று பதில் வந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலை, மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். உள்ளே ஏற்கெனவே ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அக்கா தலைக்கு முக்காடு போடுகிற பழைய துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்புற?"

"நாளைலருந்து ஜீப்புல மலைக்குப் போறேன். ஏலக்கா எடுக்கற சோலி. தறிய மிதிக்கறதுக்கு அது மேலு."

"ஏலக்கா தூர்லல்ல காய்க்கும். குத்தவச்சுல்ல எடுக்கணும். முட்டி என்னாகும்?"

"பரவால்லையே, எனக்கு முட்டின்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருக்கு."

அண்ணன் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அவர் முகத்தில் அன்று பிடிவாதம் இல்லை. வழி தெரியாதவர் முகமாக இருந்தது. "மேடம், எனக்கும் வாங்கணும்னுதான் இருக்கு. கவர்மெண்டு ஒரு விசேஷம் வைக்கட்டும். ஒரே ஒரு விசேஷம். நான் செஞ்சுட்டு நிம்மதியா வாங்கிக்கிருவேன்" என்றார்.

மேடம் யோசித்தார். "கூடம் கட்டி முடிச்சதும் திறப்பு விழா வைப்போமுங்க. அது அரசாங்கக் கட்டடம்தான். நம்ம வீட்டுக் கிரகப்பிரவேசம் மாதிரின்னு வச்சுக்கலாங்களா?"

"பத்திரிகை அடிப்பீகளா?"

"அடிப்போமுங்க."

"பேனாவக் கொண்டா" என்றார் அண்ணன்.

அவர் கையெழுத்துப் போட்டார். பெயர்கள் போய்ச் சேர்ந்தன. தறிகளுக்கு மோட்டார்கள் முதலில் வந்து இறங்கின. அண்ணன் வீட்டு மோட்டார் மட்டும் பெட்டியோடு பீரோ மேல் மிக்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. திறப்பு விழாவுக்கு முன்னால் அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கூடம் எழும்ப எழும்ப, சித்தாள்களைவிட அக்காதான் அடிக்கடி போய்ப் பார்த்தார். "வெரசாப் பூசுங்கப்பு, என் காலு காத்துக்கிட்டு இருக்கு" என்று கொத்தனாரை விரட்டினார்.

விழா தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தலைவர் இதையும் வியாழன் என்பார், நம்ப வேண்டாம். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். பந்தல், ரிப்பன், நாற்காலி எல்லாம் தயார். அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் நேரத்தில் தெருமுனையில் மேளம் கேட்டது. பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர் பதறிப்போய் ஓடினார்.

"யாரு, என்ன கூட்டம்? மனுக் கொடுக்கவா?"

"மனு இல்லீங்க. சீரு."

முன்னால் மேளக்காரர்கள் இரண்டு பேர். அடுத்து எங்கள் தெருப் பெண்கள், தலையில் தட்டுகள். தேங்காய், பழம், மஞ்சள், பூ, அக்கா நெய்த அங்கவஸ்திரங்கள் இரண்டு, மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. இரண்டு பேர் தூக்கிவந்த பித்தளை அண்டா. கடைசியாகத் தலைப்பாகையோடு அண்ணன், கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் மாலை போட்ட கிடா. பக்கத்தில் அக்கா, ஒரு காலை இழுத்து இழுத்து.

பெரிய அதிகாரி மேடத்தைப் பார்த்தார். மேடம் வானத்தைப் பார்த்தார். பிறகு அவர் காதருகே போய் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, ரொம்ப சந்தோஷம். ஆனா நாங்க எதையும் வாங்கக் கூடாது. ஒரு வெத்திலை வாங்கினாலும் விதிப்படி தப்பு."

"பத்திரிகை வச்சுக் கூப்பிட்டுட்டு வாங்க மாட்டேன்னா எப்படிங்கய்யா?"

"வாங்கினா என் வேலை போயிடும்."

அண்ணன் தலைப்பாகையைக் கழற்றினார். குரலில் கோபம் துளியும் இல்லை. "அய்யா வேலைக்கு ஆபத்துன்னா வேணாம். நான் கொண்டு போயிர்றேன். அந்த மோட்டாரையும் ஆளனுப்பி எடுத்துக்கிருங்க. இன்னும் பிரிக்கல."

மேளம் நின்றுவிட்டது. தலைவர் தலையில் கை வைத்தார். ஒரு தறி விலகினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அக்காவைப் பார்த்தேன். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையில் ஊன்றாமல் நின்றார். அப்படியே அதிகாரியிடம் கேட்டார்.

"அய்யா, சீரு கொண்டுபோற வீட்டுல ஆளில்லேன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா?"

"என்னம்மா செய்வீங்க?"

"நெலைப்படில வச்சிட்டு வந்துருவோம். அது செஞ்ச கணக்குத்தான். கவர்மெண்டு வீட்டுலதான் இப்ப ஆளே இல்லையே."

எதிரில் நாற்காலி கொள்ளாமல் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அதிகாரி அக்காவைப் பார்த்தார். அவருடைய காலைப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, "ஆமாம்மா, ஆள் இல்லை" என்று சொல்லி, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று மேற்கே மலையைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் திரும்பியதைப் பார்த்து மற்ற அதிகாரிகளும் எழுந்து ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். போலீஸ்காரரும் திரும்பினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தனை அரசாங்கமும் போடிமெட்டு உச்சியைப் பார்த்து நின்ற காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அண்ணன் சாவகாசமாகச் செய்தார். புதுக் கூடத்தின் நிலைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். தட்டுகளை வரிசையாக இறக்கினார். நிலையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு அங்கவஸ்திரம் போர்த்தினார். எது மத்திய அரசு, எது மாநிலம் என்று ஒரு சின்னக் குழப்பம் வந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே அண்டா வைக்காமல் ஆளுக்கொன்று வைத்திருக்கலாமோ என்று வருத்தப்பட்டார். கிடாயை நிலையில் கட்டினார். கும்பிட்டார். "முடிஞ்சதுங்கய்யா, திரும்பலாம்" என்றார்.

கூடத்துக்குள் முதல் பாவு கஞ்சி போட்டு விரித்திருந்தார்கள். கஞ்சி நூலின் வாசனை ஆட்டுக்கு எப்படிப் பிடிக்கும் என்று நெசவாளர் எவரும் சொல்வார். பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டுவதற்குள் கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு ரிப்பனுக்கு அடியில் புகுந்து உள்ளே போய் நக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் கூடத்தின் முதல் பயனாளி அதுதான். அரசாங்கத்துக் கிடா என்பதால் அதை வெட்ட யாருக்கும் உரிமையில்லை என்றாகி, இன்றைக்கும் தெருவில் மிகுந்த மரியாதையோடு மேய்ந்துகொண்டிருக்கிறது. அண்டா கூடத்தில் குடிதண்ணீருக்கு ஆனது.

அன்று மாலையே மோட்டார் பீரோவிலிருந்து இறங்கியது. "மிக்சிக்கும் சேத்துத்தான் அண்டா" என்று அண்ணன் சொன்னதும் அதுவும் இறங்கியது. மறுநாள் அண்ணன் மேடத்திடம் போய்க் கேட்டுக்கொண்டார்: "இத்தோட நேராயிருச்சு மேடம். இனிமே எனக்கு ஒண்ணும் குடுத்துராதீக. கெடாவுக்கு மேல செய்ய எனக்குத் தெம்பில்ல."

மேடம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு சங்கத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எங்களிடம் ஒன்று சொன்னார். கைத்தறிக்கென்று தனியாகக் கொடுக்கிற மின் இணைப்பில் ஒரு அளவு வரைக்கும் கரண்டு இலவசம். ராசாத்தி அக்காவின் தறி அந்த அளவைத் தாண்டப்போவதில்லை. வீட்டுக் கரண்டுக்கு வழக்கமாக ஏதோ பில் வரும், அண்ணன் கட்டிவிடுவார். தறிக்கு வராது.

"அவருக்குத் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா மறுபடி மேளம் வந்துரும்" என்றார்.

தெருவே வாயைக் கட்டிக்கொண்டது. முன்கோபக்காரத் தலைவர்கூட, கரண்டு என்ற சொல் காதில் விழுந்தாலே இருமிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அக்கா ஒவ்வொரு வீடாக வந்து, "ஆத்தா, யாரும் வாயத் தொறந்துராதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படி வீடு வீடாக அவர் நடந்து வந்ததையே நாங்கள் ஆச்சரியமாகப் பார்த்தோம்.

சித்திரையில் ஒருநாள், பொழுது சாய்கிற நேரம். மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. நானும் அண்ணனும் அவர் வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அக்கா தறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தத் தறிக்குக் கரண்டு பில்லு வரவே மாட்டேங்குதே" என்றார் அண்ணன்.

எந்த நிகழ்ச்சிக்கும் மாதமும் கிழமையும் தப்பாமல் சொல்கிறவன் என்று ஊரில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. "மீட்டர் பாக்கறவரு லீவுல இருக்காராம்ண்ணே" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தேனி மாவட்டத்தில் இருக்கிற அத்தனை இழைகளையும் விரலால் தடவிப் பார்த்தவருடைய பார்வை அது. எது ஒட்டியிருக்கிறது, எது ஒட்டவில்லை என்று அதற்குத் தெரியும்.

"ரெம்ப நாளா லீவுல இருக்காரு போல."

"ஆமாண்ணே."

உள்ளே தறியின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இருக்கட்டும். நல்லா ரெஸ்டு எடுக்கட்டும். இவளுக்கு இப்பத்தான் வீக்கம் வத்தி, சம்மணம் போட்டு உக்கார்றா" என்றார்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மீட்டர் பார்ப்பவர் இன்றைக்கும் விடுப்பில்தான் இருக்கிறார். யார் வந்து, எந்தத் தேதியில் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்வேன்.